டைமிங் தகராறு

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. பஸ் ஸ்டாண்டில் பின்வண்டி டிரைவரின் சட்டையைப் பிடித்தாயாமே, உன் அப்பா போனில் புலம்பித் தீர்த்தான். தப்பு யார் பேரில் என்று நான் கேட்கப் போவதில்லை. உன் டைமில் அவர் ஆள் ஏற்றியிருப்பார். ரெண்டு நிமிஷம் தள்ளினால் கலெக்‌ஷன் குறையும், படி குறையும். இந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாததா? நான் கேட்பது வேறு. அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாய்? முந்தின ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய்?

கோபம் வந்தால் பத்து வரை எண்ணு என்பார்கள். எண்ணு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அட்ரினலின் ரத்தத்தில் ஏறி நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை இறுகிவிடும். நீ கவனிக்க வேண்டியது அதற்கு முந்தின நாலு மணி நேரத்தை. வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துக்கொண்டு, பானெட் சூட்டில் வெந்துகொண்டு, ஒன்றுக்குப் போக இடமில்லையே என்று தண்ணீரையும் நிறுத்திவிட்டு ஓட்டுகிறாய். உடம்பு அப்போதே சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. பின்வண்டிக்காரர் வெறும் சாக்கு.

தண்ணீர் விஷயத்தில் நம் ஆட்கள் எல்லாருமே பிடிவாதக்காரர்கள். தலைவலியும் எரிச்சலும் வரும், போகப் போகச் சிறுநீரகத்தில் கல்லும் வரும். ஒவ்வொரு ட்ரிப் முடிவிலும் முதலில் கழிப்பறை, அடுத்து ஒரு சொம்பு தண்ணீர், டீயெல்லாம் பிறகு.

தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். டிரைவர்மேல் இரக்கப்பட்டு மட்டும் எழுதியதல்ல அது, வண்டியில் ஐம்பது அறுபது உயிர் இருக்கிறது. முதலாளியிடம் ஓய்வு கேட்கத் தயங்காதே. தனியாகப் போகாதே, கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு போ.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஹாரனிலிருந்து கையை எடு. தோளைத் தளர்த்து. மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் நீளமாக இருக்கட்டும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். கேட் திறக்கும்வரை இதைச் செய். கண்டக்டர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ராத்திரி ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறாயாம். சீக்கிரம் கண் அசரும், சரி. விடியற்காலையில் கலைந்துவிடுமே, அந்த அரைத் தூக்கத்தோடுதானே முதல் ட்ரிப் எடுக்கிறாய்? வீட்டுக்குப் போனதும் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பேசு. “இன்னிக்கு ரோடு சரியில்லை, கொஞ்ச நேரம் விடு” என்று மருமகளிடம் வாயைத் திறந்து சொல், அவள் புரிந்துகொள்வாள். அவளிடமும் கை ஓங்குகிற அளவுக்கு வந்தால், அந்த நிமிஷமே வெளியே வந்து 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்த டிரைவரை நாளைக்கே பார்த்து ஒரு டீ வாங்கிக் கொடு. சமாதானம் பேசத் தெரியாவிட்டால் பேசாமல் குடியுங்கள். ரெண்டு பேரும் அதே ரூட்டில்தான் ஓட்டியாக வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா