வாக்குமூலத்தைத் திருத்தினால் குறிப்பும் எழுதி வையுங்கள்



தஞ்சக் கோரிக்கைக்கான வாக்குமூலத்தை உங்களில் பலர் கொம்பியூட்டரில் எழுதுகிறீர்கள். நல்லது. ஆனால் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதுவதுதான் சிக்கல்.

ஒரு உதாரணம். "மாசியில பிடிச்சவங்கள்" என்பதை முதலில் பெப்ரவரி என்று எழுதுகிறீர்கள். பஞ்சாங்கப்படி மாசி, மார்ச் நடுப்பகுதி வரை வரும். யோசித்துவிட்டு மார்ச் என்று மாற்றுகிறீர்கள். நேர்முகத்தில் "ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால், அந்தப் பதட்டத்தில் காரணம் வாயில் வராது.

புரோகிராம் எழுதுபவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அவர்கள் பாவிக்கும் 'கிட்' என்ற மென்பொருள் 2005இல் வந்தது. ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும்போது அது ஒரு குறிப்புக் கேட்கும். முதல் வரியில் என்ன மாற்றம். ஒரு வரி விட்டு, ஏன் மாற்றம். இந்தப் பழக்கம் எங்களுக்கும் உதவும். அதற்கு நோட்பாட் போதும்.

1. விண்டோஸில் நோட்பாடைத் திறவுங்கள். முதல் வரியில் ஒரு புள்ளி, இடைவெளி விடாமல் எல், ஓ, ஜி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள்.

2. சேவ் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தெரிவு செய்யுங்கள். பழைய கொம்பியூட்டரில் ஆன்சி என்று விட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும்.

3. மூடிவிட்டுத் திரும்பத் திறவுங்கள். நேரமும் திகதியும் கடைசியில் தானாக விழும். விழாவிட்டால் எஃப்5 விசையை அழுத்துங்கள். அதன் கீழே குறிப்பை எழுதுங்கள்.

4. வாக்குமூலத்தை ஒவ்வொரு முறையும் 'சேவ் அஸ்' கொடுத்து 1, 2, 3 என்று இலக்கமிட்டுப் பதியுங்கள். பழையதை அழிக்க வேண்டாம்.

குறிப்பு இப்படி இருக்கலாம்:

பந்தி 6: பிடித்த மாதம் பெப்ரவரி அல்ல, மார்ச்.

ஏன்: அம்மாவிடம் கேட்டேன். சிவராத்திரிக்கு மூன்றாம் நாள் என்றார். 2008இல் சிவராத்திரி மார்ச் 6.

"பிழை திருத்தினேன்" என்று மட்டும் எழுதினால் பிறகு உங்களுக்கே விளங்காது.

நூலகக் கொம்பியூட்டரில் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். பென் டிரைவில் வையுங்கள். வாக்குமூலம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால், பிழையைக் கண்டவுடன் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள், குறிப்பையும் காட்டுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வோம்: அழிக்காதே, ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுது. இதுவும் அதுதான். திருத்துவது குற்றமில்லை. ஏன் திருத்தினோம் என்று சொல்லத் தெரியவேணும்.