மண்டபத்துச் சுவரில் படம் மாட்டப்போகிறவர்களுக்கு

திருச்சி பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு பிரேம் கடையில் பசை காய்ச்சும் பையனாகச் சேர்ந்தவன் நான். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம் என்று ஐம்பது வருஷம் கண்ணாடி அறுத்தாயிற்று. இப்போது ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பழைய கல்யாண மண்டபங்களைப் புதுப்பிக்கிறவர்கள், ஒரு சுவர் முழுக்கப் பழைய போட்டோ வேண்டும் என்று கேட்கிறார்கள். கேமரா பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேலையை ஒப்புக்கொண்டு, பாதியில் என்னிடம் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதிவிட்டேன்.

1. முதலில் பெயர், பிறகு படம்.

மண்டபத்துக்கு வருகிறவர்கள் சுவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு முகூர்த்த நாளில் ஓரமாக நின்று கவனியுங்கள். தள்ளி நின்று ரசிப்பவர் யாருமில்லை. கிட்டே போய், கண்ணாடிமேல் விரலை வைத்து, "இது யாரு தெரியுமா, எங்க பெரியத்தை" என்பார்கள். அந்த விரலுக்காகத்தான் நாம் இவ்வளவு பாடுபடுகிறோம். பெயர் தெரியாத இருபது முகங்கள் சுவரில் இருந்தால் அது அலங்காரக் காகிதம்; ஒட்டிவிட்டுப் போகலாம், நானும் நீங்களும் தேவையில்லை.

குரூப் படத்தின்மேல் டிரேசிங் பேப்பரை வைத்துத் தலைகளை மட்டும் மெல்ல வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் போங்கள். ஒருவரிடம் கேட்டது போதாது. தம்பியை அண்ணன் என்பார்கள், முதல் மனைவியை இரண்டாமவர் என்பார்கள். இரண்டு பேர் ஒன்றுபோல் சொன்னால் எழுதுங்கள். பழைய படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள்; அழுத்தம் முன்பக்கம் தழும்பாகத் தெரியும், மை ஊறும். மென்மையான பென்சில் போதும்.

2. ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

"ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாங்கிப் போன ஆல்பங்கள் திரும்பாத கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போங்கள். 600 டிபிஐ வைத்து எடுத்தால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் போடலாம், துலக்கம் கெடாது. எண்பதுகளில் வந்த ஒட்டும் ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால் நகத்தால் உரிக்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படமும் அப்படித்தான். கண்ணாடியைப் பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் காகிதம்தான் கையில் மிஞ்சும்.

"வெள்ளத்துல போயிடுச்சு" என்ற பதில் திருச்சியில் அடிக்கடி வரும். 1977 நவம்பர் வெள்ளம் ஊருக்குள் புகுந்தபோது நனைந்துபோன டிரங்குப் பெட்டிகள் எத்தனையோ. அத்துடன் விட்டுவிடாதீர்கள். குரூப் படம் ஒரே பிரதியாக இருப்பது அபூர்வம். சம்பந்தி வீட்டுக்கு ஒன்று, மாமன் வீட்டுக்கு ஒன்று போயிருக்கும். பெண் எடுத்த ஊர் எது என்று கேளுங்கள். இங்கே போன படம் கும்பகோணத்திலோ பம்பாயிலோ பத்திரமாக இருக்கும்.

படம் பிடித்த ஸ்டுடியோவின் முத்திரை அட்டையின் கீழ் மூலையில் அழுத்தப்பட்டிருக்கும். அந்தக் கடை இருக்கிறதா என்றும் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. பழைய நெகட்டிவ்களை வெள்ளி எடுக்க எடைக்குப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் நூறாண்டுப் படங்களைத் தேடித் தேடி எண்மமாக்கியிருக்கிறது. அந்தக் காலத்தில் தம்பதிகளை எப்படி நிறுத்தினார்கள், திரையில் என்ன வரைந்தார்கள் என்று பழக அது நல்ல பள்ளிக்கூடம்.

3. வருஷத்தைப் படமே சொல்லும்.

ஸ்ரீரங்கத்தில் வெளியில் எடுத்த படமென்றால் தெற்கு வாசல் பக்கம் வானத்தைப் பாருங்கள். ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடம் 44-ஆம் பட்டம் ஜீயர் முயற்சியால் 1979-ல் வேலை தொடங்கி, 13 நிலையும் 236 அடியுமாக எழுந்து, 1987 மார்ச் 25-ல் குடமுழுக்கு கண்டது. மொட்டையாகத் தெரிந்தால் 1979-க்கு முந்தியது. சாரம் தெரிந்தால் இடைப்பட்ட எட்டு வருஷம். கோபுரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு "1960-ல் எங்க கல்யாணம்" என்று சொன்ன ஒரு தாத்தாவிடம், அது அவருடைய அறுபதாம் கல்யாணப் படம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. மனுஷர் சிரித்துவிட்டார்.

கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழ் வருஷம் போட்டிருப்பார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதை மறக்கக் கூடாது. பார்த்திப வருஷம் ஆவணி என்றால் 1945, இல்லாவிட்டால் 2005. எது என்பதை மாப்பிள்ளையின் கிராப்பு சொல்லிவிடும்.

4. இணையத்திலிருந்து இறக்கிய மலைக்கோட்டை வேண்டாம்.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்து எடுத்த திருச்சி, ஸ்ரீரங்கம் படத்தொகுப்புகள் 1858-ல் வெளிவந்தன. அற்புதமான வேலை, மறுப்பில்லை. ஆனால் ஊரில் பாதி ஹோட்டல் வரவேற்பறையில் பழைய மலைக்கோட்டைதான் தொங்குகிறது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு வெளிச்சம் நெடுநேரம் வேண்டும். நடக்கிற மனிதர் பதியமாட்டார். அதனால் அவருடைய படங்களில் கல்லும் குளமும் இருக்கும், ஆள் அரிது. கல்யாண மண்டபத்துக்கு ஆள்தான் வேண்டும். ஆசைக்கு ஒன்று வையுங்கள், வாசலோரம்.

5. படத்தை வெட்டாதீர்கள்.

இதை நான் செய்த தப்பை வைத்தே சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு கல்யாண குரூப் படம் பிரேம் போட வந்தது. கையிருப்பில் இருந்த சட்டத்துக்கு முக்கால் அங்குலம் அகலம் கூடுதல். வலது ஓரத்தில் நின்றிருந்த ஒரு அம்மாளை, பாதி உடம்பு தூணுக்குப் பின்னால்தானே இருக்கிறது என்று, பிளேடால் அறுத்துவிட்டேன். கொடுத்தவர் கவனிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் கடைக்கு வந்தார். "எங்க அம்மா இருக்கிற ஒரே படம் அதுதான்னு சொன்னாங்க. பாக்கப் போனேன். அம்மா இல்லை" என்றார். திட்டவில்லை. குப்பையில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

சட்டத்துக்காகப் படம் இல்லை. அளவு ஒத்துவரவில்லையென்றால் மவுண்ட் அட்டையை அகலப்படுத்துங்கள். ஓரத்தில் நிற்பவர்தான் பெரும்பாலும் வேறு எந்தப் படத்திலும் இருக்கமாட்டார்.

6. மாலை, பொட்டு, தெற்குச் சுவர்.

இதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வீர்கள். நம்மூரில் படத்துக்கு மாலை விழுந்தால் போனவர் என்று அர்த்தம். சந்தனப் பொட்டும் சின்ன சிவப்பு பல்பும் சேர்ந்தால் சந்தேகமே இல்லை. மண்டபத்தைக் கட்டியவரின் படத்துக்கு வாரிசுகள் மாலை போட ஆசைப்படுவார்கள். ஆபீஸ் அறையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மணவறைக்கு எதிரே மாலையிட்ட படங்களின் வரிசை இருந்தால் பெண்வீட்டுப் பாட்டி ஒருத்தி உள்ளே நுழைந்ததுமே முகம் சுளிப்பாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தெற்கு, முன்னோர் திசை. காலமான பெரியவர்களின் தனிப்படங்களைத் தெற்குச் சுவரில் தனியாக வைத்தால் எல்லார் மனசும் ஆறும். கல்யாணப் படங்களில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். படத்தில் அவர்கள் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று வரும். பழைய குரூப் படங்களில் கைம்பெண்களை முன்னால் உட்காரவிட்டிருக்க மாட்டார்கள். அபூர்வமாகக் கடைசி வரிசையில் நார்மடிப் புடவையோடு ஒரு தலை தெரியும். "சுபகாரியம் நடக்கிற இடத்தில் அந்தப் படம் எதற்கு" என்று யாராவது கேட்பார்கள். இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். மாலை விஷயத்தில் நான் பழைய ஆள், இதில் இல்லை. அந்தப் பெண்மணி சமையல்கட்டில் நின்று அந்தக் கல்யாணத்தை நடத்தியவர். ஒளிந்து நின்றாவது படத்தில் விழுந்திருக்கிறார். அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

7. மண்டபக்காரர் குடும்பம் ஒரு பங்கு, ஊர் மூன்று பங்கு.

பணம் கொடுப்பவர் தன் குடும்பப் படங்களைத்தான் நீட்டுவார். வாங்கிக்கொண்டு, வாடகைக்கு எடுத்துக் கல்யாணம் செய்தவர்களின் படங்களையும் கேளுங்கள். பழைய முன்பதிவு ரிஜிஸ்டர் ஸ்டோர் ரூமில் கிடக்கும், அதுதான் புதையல். ஜானவாசக் காரில் கோட்டு போட்டு வேர்த்துக் கொட்டும் மாப்பிள்ளை, ஊஞ்சல், காசி யாத்திரைக் குடை எல்லாம் தானாகக் கிடைக்கும். தேட வேண்டியவை வேறு. மைக்குக்கு முன்னால் தலைவர் பேச, மாலை மாற்றிக்கொண்டு நிற்கும் சுயமரியாதைத் திருமணம் ஒன்று கட்டாயம் வேண்டும். புத்தூரில் பெரியார் மாளிகை இருக்கும் ஊர் இது. 1967-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான், அந்தத் திருமணங்களுக்குச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே துணிந்தவர்களின் படம் கிடைத்தால் நடுவில் வையுங்கள். பாலக்கரை மாதா கோயிலில் மோதிரம் மாற்றிவிட்டு இங்கே விருந்து வைத்தவர்கள், நிக்காஹ் முடித்து பிரியாணி போட்டவர்கள் இருந்தால் அவர்களும் சுவருக்கு வரட்டும்.

நாகஸ்வரக்காரர் பெயரை எழுதாமல் விடுவது நம்மூர்க் கெட்ட வழக்கம். ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தையே வீடாக்கிக்கொண்ட ஷேக் சின்ன மௌலானா 1999-ல் மறையும்வரை இங்கேதான் இருந்தார். உங்கள் கையிலுள்ள படத்தில் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பவர் யார் என்று விசாரிக்காமல் "மேளக்காரர்" என்று எழுதிவிடாதீர்கள். காஸ்லைட் தூக்கியவர், பந்தல் போட்டவர், பரிசாரகர் என எல்லாருக்கும் இதே விதிதான்.

8. சுவரைத் தட்டிப் பாருங்கள்.

பழைய மண்டபம் சுண்ணாம்புச் சுவர். ஆணி அடித்தால் பொரபொரவென்று உதிரும். மேலே ஒரு மரச்சட்டத்தை நீளவாக்கில் நாலைந்து இடத்தில் மட்டும் திருகிப் பொருத்தி, அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். படத்தை மாற்ற நினைத்தால் சுவரைத் தொட வேண்டாம். ஓதம் ஏறிய சுவரில், உப்புப் பூத்த இடத்தில், எதையும் மாட்டாதீர்கள். பிரேமின் கீழ் மூலைகளில் முதுகுப்பக்கம் சின்னத் தக்கை ஒட்டினால் காற்றோடும். செல்லும் ராமபாணமும் குறையும். முதுகுக்குப் பிளைவுட் வேண்டாம், அமிலமில்லாத அட்டை போடுங்கள். படமும் கண்ணாடியும் தொடக்கூடாது; நடுவில் மவுண்ட். ஹோமப் புகை வரும் பக்கமும் ரசம் கொதிக்கும் பக்கமும் தவிர்க்க வேண்டியவை. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம். திருச்சி வெயில் இரண்டு கோடையில் கலர்ப் படத்தைத் தின்றுவிடும்.

9. உயரம்.

நம் தாத்தாக்கள் உத்தரத்தை ஒட்டி, முன்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். திண்ணையில் படுத்தபடி பார்க்க அது சரி. விரல் வைத்துக் காட்ட வேண்டுமானால் படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குள் இருக்க வேண்டும். மூன்றடிக்குக் கீழே எதுவும் வேண்டாம், அடுக்கி இழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி உடைத்துவிடும். மாட்டுவதற்கு முன் பிரேம் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள்.

10. கறுப்பு வெள்ளைக்குக் கம்ப்யூட்டர் சாயம் பூசாதீர்கள். அரக்குக் கூறைப்புடவையை அது நீலமாக்கிவிடும். ஸ்டுடியோக்காரரே அந்தக் காலத்தில் தூரிகையால் நகைக்கு மஞ்சள் தீட்டியிருந்தால் அதை அழிக்காதீர்கள்.

11. மூலப் படம் சுவருக்குப் போகவே கூடாது. பிரதி மாட்டுங்கள். மூலம் கொடுத்தவர் வீட்டுக்கு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பட்டும்.

12. ஆடி மாதத்தில் வேலை செய்யுங்கள்.

முகூர்த்தம் இல்லை, மண்டபம் காலி. மார்கழியும் காலிதான், ஆனால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்துக்குள் ஏணியைக் கொண்டுபோக முடியாது. ஆடிக்கு மாட்டுவதென்றால் பெயர் கேட்கும் வேலையைத் தை மாதமே தொடங்கிவிடுங்கள். பாட்டிகள் மத்தியானம் தூங்கி எழுந்து, காபி குடித்த பிறகு, மூன்றரை மணிக்கு மேல்தான் நிதானமாகப் பேசுவார்கள். போனதும் முதலில் அவர்களுடைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.