பல்கலைக்கழகம் அசல்தான், பி.எட். செல்லுமா?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பி.எட். இல்லை. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ஸ்டடி சென்டரில், வட மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பி.எட். படிப்பில் சேர்ந்தேன். மொத்தம் 90,000 ரூபாய். முதல் தவணை 45,000 கட்டியாகிவிட்டது. வகுப்புக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதும், சான்றிதழில் ரெகுலர் என்றே இருக்கும் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி பட்டியலில் இருப்பதை நானே பார்த்தேன். என் கணவரோ, “இது செல்லாது, மிச்சப் பணத்தைக் கட்டாதே” என்கிறார். டி.டி.எட். முடித்து, அரசு உதவி பெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கும் என் தங்கையும் இங்கேயே சேரலாம் என்று இருக்கிறாள். இந்தப் பட்டம் செல்லுமா? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கணவர் சொல்வதுதான் சரி. இரண்டாவது தவணையைக் கட்ட வேண்டாம்; தங்கையும் அந்த மாடிப்படி ஏற வேண்டாம்.

ஆனால், அது போலிப் பல்கலைக்கழகம் என்பதல்ல காரணம். வாசகி பார்த்த பட்டியல் பொய் சொல்லவில்லை. யுஜிசி சட்டத்தின் 22ஆவது பிரிவு பட்டம் வழங்கும் உரிமையைத் தந்திருக்கும் அசல் பல்கலைக்கழகமாகவே அது இருக்கலாம். அந்த உரிமை எந்த ஊரில், எந்த முறையில், எந்தப் படிப்புக்குச் செல்லும் என்பவை தனித்தனிக் கேள்விகள். பட்டியல் அவற்றுக்கு விடை சொல்லாது. சென்டர்காரர்கள் பட்டியலை மட்டும் திறந்து காட்டுவதும் அதனால்தான்.

முதலில் ஊர். 2002இல் சத்தீஸ்கர் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசிதழில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், தனியார் பல்கலைக்கழகம் பிறந்துவிடும். ஏறத்தாழ ஓராண்டுக்குள் 112 பல்கலைக்கழகங்கள் பிறந்தன. பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, வளாகமும் இல்லை. ஒற்றை அறையில் நடந்தன. மாநிலத்துக்கு வெளியேயும் கிளை திறக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. யுஜிசியின் முன்னாள் தலைவரான விஞ்ஞானி யஷ்பால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2005 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் அந்த மாநிலத்துக்குள்தான் சட்டம் இயற்ற முடியும். ஆகவே அதன் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் எல்லைக்கு அப்பால் கிளை பரப்ப முடியாது என்றது நீதிமன்றம். ஸ்டேட் பர்மிட் லாரி அடுத்த மாநிலச் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியதுதான். வண்டி புதியதா, ஓட்டுநர் நல்லவரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அடுத்தது முறை. தொலைநிலைக் கல்விக்கான யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதே எல்லைக்கோட்டைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகம், அரசுடையதோ தனியாருடையதோ, தன் மாநிலத்துக்குள்தான் தொலைநிலைப் படிப்பு நடத்தலாம். மாணவர் உதவி மையத்தை ஒரு தனியாரிடம் ஒப்படைத்து, வசூலில் பங்கு பிரித்துக்கொள்ளும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கும் தடை உண்டு. பேருந்து நிலையத்து எதிர்மாடி இந்த இரண்டு இடத்திலும் இடிக்கிறது. ‘ஆன்லைன் படிப்புக்கு எல்லை கிடையாதே’ என்று சென்டரில் மடக்கக்கூடும். எல்லை கிடையாது என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் கல்வியைப் பொறுத்தவரை யுஜிசி சொன்னால் மட்டும் போதாது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்சிடிஇயும் சொல்ல வேண்டும். அதன் 2014 விதிமுறைகள் 15 வகைப் படிப்புகளை வரிசைப்படுத்துகின்றன. நேரடி பி.எட். இருக்கிறது, தொலைநிலை பி.எட். இருக்கிறது, பகுதிநேர பி.எட்.கூட இருக்கிறது. ஆன்லைன் பி.எட். என்று ஒன்று அதில் இல்லை.

அந்தத் தொலைநிலை பி.எட்.டிலும் எல்லோரும் சேர்ந்துவிட முடியாது. ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தொடக்கக் கல்வியில் பணியில் இருப்பவர்களுக்கும், என்சிடிஇ அங்கீகரித்த ஓர் ஆசிரியர் பயிற்சியை ஏற்கெனவே நேரடியாகப் படித்து முடித்தவர்களுக்கும் உரியது அது. வாசகியிடம் எம்.எஸ்சி. இருக்கிறது, வகுப்பறை அனுபவம் இருக்கிறது. பயிற்சிச் சான்று இல்லை. ஆகவே, அந்தப் பல்கலைக்கழகம் திண்டுக்கல்லிலேயே இருந்து, எல்லா அங்கீகாரமும் வைத்திருந்தாலும், தொலைநிலையில் அவரைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை.

சென்டர்காரர்களுக்கு இது தெரியாததல்ல. ‘சான்றிதழில் ரெகுலர் என்றே இருக்கும்’ என்று அவர்கள் சொல்வதே அதனால்தான். ஊரில் இதற்கு ‘நான்-அட்டெண்டிங்’ என்று பெயர். கேட்க வசதியாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் இந்த விவகாரத்திலேயே ஆபத்தானது. நேரடி பி.எட். என்றால் என்ன என்பதை விதிமுறை எண் போட்டுச் சொல்கிறது: இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 200 வேலை நாள், வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் 20 வாரப் பயிற்சி, அந்தப் பயிற்சிக்கு மட்டும் 90 சதவீத வருகை. வாசகியோ அதே இரண்டு ஆண்டும் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றின் வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறார். சம்பளம் வங்கிக்கு வருகிறது, வருங்கால வைப்பு நிதிக்கும் பிடித்தம் போகிறது. நாளை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) தேர்வில் தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போது, பி.எட். சான்றும் பணி அனுபவச் சான்றும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டின் தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் துப்பறிவாளர் தேவையில்லை. துறை கேட்கும் உண்மைத்தன்மைச் சான்றைப் பல்கலைக்கழகம் தயங்காமல் அனுப்பிவைக்கலாம். சான்றிதழை அச்சடித்தது அவர்கள்தான் என்பதற்கே அது சாட்சி. வாசகி அங்கே போய்ப் படித்தார் என்பதற்கு அல்ல. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. வராத வகுப்புக்கு வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதுவரை ஏமாற்றப்பட்டவராக இருந்தவர் அந்த நிமிடத்திலிருந்து பொய் ஆவணத்தில் பங்காளி ஆகிறார். வாசகி இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை என்பது நல்ல செய்தி.

அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், நீங்கள் முடிப்பதற்குள் வந்துவிடும் என்ற வாக்குறுதியையும் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை வழியில் நேராக முதுகலை முடித்த ஒருவர், சென்னையில் உள்ள அரசுத் திரைப்பட நிறுவனத்தின் முதல்வர் ஆனார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. யுஜிசியின் 1985 விதிமுறைகளை மீறிய பட்டத்தைப் பின்னால் வாங்கும் ஒப்புதல் காப்பாற்றாது என்று 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பானது. 2017 நவம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்கள் அந்த வழக்கில் சிக்கின. அவற்றுள் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒரு தேர்வு எழுதி மீட்டுக்கொள்ள வாய்ப்புத் தரப்பட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை, பட்டம் ரத்து. வேலையில் இருந்தவர்கள், பதவி உயர்வு வாங்கியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

“தனியார் பள்ளிக்கு இது போதுமே” என்ற வாதத்தில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. என்சிடிஇ சட்டத்தின் 17(4) பிரிவு, அங்கீகாரமில்லாத ஆசிரியர் கல்வித் தகுதி அரசு வேலைக்கும் பல்கலைக்கழக வேலைக்கும் அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்கும் செல்லாது என்கிறது. சுயநிதிப் பள்ளியை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 23ஆவது பிரிவில், எட்டாம் வகுப்புவரையிலான ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்சத் தகுதியை விதித்து அந்த இடைவெளியைப் பெருமளவு அடைத்துவிட்டது. சம்பளத்தை மிச்சப்படுத்த நினைக்கும் ஒரு பள்ளி நிர்வாகம் இந்தச் சான்றிதழைக் கண்டுகொள்ளாமல் விடலாம். 90,000 ரூபாய் கொடுத்து வாங்க அது ஒரு காரணம் ஆகாது.

வாசகிக்கு எஞ்சியிருக்கும் நடைமுறை வழி: தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புள்ள, என்சிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இரண்டு ஆண்டு நேரடிப் படிப்பு. வேலையை விட வேண்டியிருக்கும். வலிக்கும்தான். ஆனால் எம்.எஸ்சி.யோடு செல்லுபடியாகும் பி.எட். சேர்ந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு நேராக விண்ணப்பிக்கலாம். அந்தப் பணியிடத்துக்கு டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வைக் கேட்பதில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது என்சிடிஇயின் அங்கீகார ஆணையை வாங்கிப் படிக்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த முகவரி, எந்தப் படிப்பு, எத்தனை இடம் என்று அந்த ஆணை சொல்லும். இந்திய அரசிதழிலும் அது வெளியாகும். கல்லூரியின் பெயர்ப் பலகையை நம்ப வேண்டியதில்லை.

தங்கையின் கதை வேறு. டி.டி.எட். முடித்துப் பணியிலும் இருப்பதால், தொலைநிலை பி.எட். யாருக்காக வந்ததோ அவர்களில் அவரும் ஒருவர். ஒரு பட்டமும் அதில் தேவையான மதிப்பெண்ணும் இருந்தால், இக்னோவிலோ சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் பள்ளிச் செயலர் வழியாகத் துறையின் முன்அனுமதி வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் படித்த படிப்பைப் பணிப் பதிவேட்டில் ஏற்றும்போது தகராறு வரும். அவர் எதற்காகப் படிக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். உயர்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வை மாநில அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பி.எட். இருந்தால் தொடக்க வகுப்புகளுக்கும் பாடம் எடுக்கலாம் என்ற எண்ணத்தை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தேவேஷ் சர்மா வழக்கில் முடித்துவைத்தது. ஒன்று முதல் ஐந்துவரையிலான வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி. பதவி உயர்வுதான் நோக்கம் என்றால், உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி அதற்கு டெட் தேர்ச்சியும் வேண்டும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால் வேலையைத் தக்கவைத்துக்கொள்ளவே டெட் எழுத வேண்டும் என்கிறது அதே தீர்ப்பு. (அவர் வேலை பார்ப்பது சிறுபான்மைப் பள்ளி என்றால் நிலைமை வேறு; அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.) அதனால் தங்கை முதலில் கையில் எடுக்க வேண்டியது டெட் புத்தகத்தை.

இனி 45,000 ரூபாய். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால், உச்ச நீதிமன்றம் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2010இல் வந்த சுர்ஜீத் கவுர் வழக்கும் ஒரு பி.எட். வழக்குதான். ரெகுலராக எம்.ஏ. படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் பி.எட். சேர்ந்தவர் அவர். ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு கூடாது என்பது அன்றைய பல்கலைக்கழக விதி. பல்கலைக்கழகம் நுகர்வோருக்குச் சேவை விற்கும் அமைப்பு அல்ல என்று சொல்லி நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, பாட்னாவில் அங்கீகாரமும் இணைப்பும் இல்லாமலே மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு வேறு தீர்ப்பு கிடைத்தது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்கியது சேவைக் குறைபாடு என்று முடிவாகி, கட்டணத்தை வட்டியோடு தரச் சொன்னார்கள். வாசகியின் வழக்கு இரண்டாவது வகை. எனவே புகாரில் பல்கலைக்கழகத்தின் தேர்வு, மதிப்பெண் பற்றி ஒரு வரியும் வேண்டாம். சென்டர் என்ன வாக்குக் கொடுத்தது, உண்மை நிலை என்ன, எவ்வளவு வாங்கினார்கள் என்பவை போதும்.

ரசீதில் இருப்பது யார் பெயர் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பல்கலைக்கழகத்தின் பெயராக இருக்காது. ஏதாவது ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அந்த அறக்கட்டளை, சென்டர் நடத்துபவர், பல்கலைக்கழகம் ஆகிய மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே பதிவு எதையும் அழிக்கக் கூடாது. தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி, வாசகி வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். வட மாநிலத்துக்கு அலைய வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சென்டரில் வாங்கி வைத்திருந்தால் அவற்றை எழுத்து மூலம் திருப்பிக் கேட்க வேண்டும்; அசலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2018இலேயே யுஜிசி சொன்ன விதி. தர மறுத்தால் காவல் நிலையம். ஏமாற்றிப் பணம் பறித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. யுஜிசி சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். அதிகாரம் இல்லாமல் பட்டம் தருபவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அதிகபட்ச அபராதம் இன்றைக்கும் 1,000 ரூபாய்தான். 1956இல் எழுதிய தொகை.

ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையோடு, 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்பினாலே இதுபோன்ற சென்டர்கள் பல சமயம் பேசித் தீர்த்துக்கொள்ள முன்வரும். பாதிப் பணத்தோடு சமாதானம் பேசினால் ‘முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. நுகர்வோர் புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டு. அதை முதல் தவணை கட்டிய தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே வாசகிக்குப் பாதுகாப்பு.