பழைய வேனுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

கேள்வி: என் பள்ளி வேன் பழைய டீசல் வண்டி. டீசல் பம்பிலேயே கவர்னர் இருக்கிறதே, தனியாக ஸ்பீடு கவர்னர் எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேலை செய்பவை. பம்பில் உள்ள கவர்னர், இன்ஜின் சுற்று எல்லை மீறாமல் காப்பது. டாப் கியரில் வண்டி எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் பொருத்தவேண்டிய கருவி, கியர்பாக்ஸ் பக்கமிருந்து வண்டியின் வேகத்தை அறிந்து, எல்லை வந்ததும் இன்ஜினுக்குப் போகும் டீசலைக் குறைக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 118, பள்ளிப் பேருந்துகளுக்கு மணிக்கு 60 கி.மீ. என்கிறது; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற கருவிதானா என்று பார்த்து, சீல் வைத்துச் சான்றிதழோடு வாங்குங்கள்.

பொருத்தியபின் டீசல் குழாய் இணைப்புகளைக் கவனியுங்கள். அங்கே காற்று புகுந்தால் வண்டி திணறும். டயர் அளவை மாற்றினால் கருவியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், இல்லையேல் அது காட்டும் வேகமே தப்பு.

ஓட்டுநரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: இது பிரேக் அல்ல. மலை இறக்கத்தில் டீசல் குறைந்தாலும் எடை வண்டியை இழுத்துக்கொண்டு போகும். அங்கே சின்ன கியர்தான் பிள்ளைகளுக்குக் காவல்.