முடக்குக்கு முன்னால் பிடிக்கிற பிரேக்

"அண்ணே, நேர் ரோட்டுல நல்லாத்தான் போகுது. முடக்குக்கு வந்தா மட்டும் வண்டி வெளிய இழுத்துக்கிட்டுப் போகுது. ஸ்டியரிங்க எவ்வளவு திருப்பினாலும் கேக்குதில்ல."

புசல்லாவையில் ரேஸ் கேம் ஆடும் தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நான் அவர்களை முதலில் அனுப்புவது பஸ்ஸுக்கு. நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பஸ்ஸில் முன்பக்கமாக நின்று, றம்பொடை இறக்கத்தில் டிரைவரின் காலைக் கவனிக்கச் சொல்வேன். அனுபவமுள்ள டிரைவர் முடக்கு தெரிந்ததுமே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்துவிடுவார். எஞ்சின் உறுமும், பஸ் அடங்கும். ஸ்டியரிங் திரும்பத் தொடங்கும்போது கால் பிரேக்கை விட்டு எழும்பியிருக்கும். பஸ் மறுபடி நிமிர்ந்த பிறகுதான் ஆக்சிலேட்டர். திரையில் ஓடும் காருக்கும் வரிசை இதுதான்.

காரணம் டயரில் இருக்கிறது. ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடம் மட்டுமே. அது தரும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி: பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. முழுப் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு ஸ்டியரிங்கையும் திருப்பினால் கொடுக்க எதுவும் மிஞ்சாது, கார் நேராகவே போகும். கிரான் டூரிஸ்மோ, அசெட்டோ கோர்சா போன்ற கேம்கள் இந்தக் கணக்கை உண்மைக்கு மிக அருகில் போடுகின்றன. அதனால்தான் அவற்றின்மீது எனக்கு இவ்வளவு மதிப்பு. கிரான் டூரிஸ்மோ ஆடி 2011இல் ஜிடி அகாடமி போட்டியில் வென்ற யான் மார்டன்பரோ, 2013இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஜக் காரே ஓட்டினார்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 20 மீற்றர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை, காய்ந்த தார் ரோட்டில் சாதாரண டயர் ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். பத்துக் கிலோமீற்றர் கூட்டி 58இல் நுழைந்தால் தேவைப்படும் பிடிமானம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஸ்பீடோமீட்டரில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது டயருக்குத் தாங்க முடியாத சுமை. ஆகவே பிரேக் பிடிக்க ரோட்டோரத்தில் ஓர் அடையாளம் வையுங்கள்: பலகை, மரம், நிழல், எதுவானாலும் சரி. முதல் சுற்றுகளில் அதைத் தாராளமாகத் தள்ளியே வைத்து, கார் அமைதியாகத் திரும்புகிறது என்று உறுதியான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முடக்கை நோக்கி நகர்த்துங்கள்.

வழுக்கத் தொடங்கிவிட்டால் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று முதலில் பாருங்கள். முன் டயர்கள் வழுக்கினால் மூக்கு வெளியே போகும். கை தானாகவே இன்னும் திருப்பப் பார்க்கும், அது நிலைமையைக் கெடுக்கும். ஸ்டியரிங்கைச் சற்று நேராக்கி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் பாரம் முன்னுக்கு வந்து டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பின்பக்கம் வாலடித்தால் வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், ஆனால் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடக்கூடாது. விட்டால் பின் டயர்களில் இருந்த பாரமும் போய் கார் சுழன்றுவிடும். இறக்கத்தில் பின்பக்கம் ஏற்கெனவே இலேசாக இருப்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடும். லகூனா செக்கா பந்தயப் பாதையில் 18 மீற்றர் சரியும் கார்க்ஸ்க்ரூ வளைவை ஓட்டிப் பார்த்தால் விளங்கும். மலைநாட்டுக்காரருக்கு அந்த இடம் நன்றாகப் பிடிக்கும், மேட்டைத் தாண்டும்வரை கீழே ரோடு தெரியாது.

கீபோர்டில் ஆடுபவர்கள் அம்புக்குறியை அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. பாட்டை நிறுத்திவிட்டு டயரின் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய கிறீச்சிடல் எல்லைக்கு வந்துவிட்டதற்கு அடையாளம், அது அலறலானால் எல்லை தாண்டியாயிற்று. சக்தி குறைந்த காரில் தொடங்குவது நல்லது. அசெட்டோ கோர்சாவில் அபார்த் 500 எனக்குப் பிடித்த பள்ளிக்கூடம்.

முடக்கின் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைப் பாதி தாண்டிய பிறகே தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போங்கள். பாதையின் ஆரம் பெரிதாகும், வெளியேறும்போது ஆக்சிலேட்டரைச் சீக்கிரம் மிதிக்கலாம். 1934இல் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் மாதிரி மூடிய பாதையில்தான் அதற்கு இடமுண்டு. எங்கள் ரோட்டில் மறுபாதி எதிரே வரும் பஸ்ஸுக்குச் சொந்தம். 2025 மே மாதம் கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இதே மலைப்பாதையில். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிகளிடம் இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை சொல்வேன்.

கடைசியாக மழை. கிரான் டூரிஸ்மோ 7இல் மழை பெய்யும், புசல்லாவைக்காரருக்கு அது புதிதல்ல. ஈரத்தில் பிடிமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், மேலே சொன்ன 48 கிலோமீற்றர் வளைவு 39ஐத் தாங்கும். பிரேக் தூரமோ ஒன்றரை மடங்காக நீளும். ஆகவே மழையில் முதலில் மாற்ற வேண்டியது பிரேக் அடையாளத்தை. அடுத்ததாக, ஓரத்தில் சிவப்பு வெள்ளை பூசிய கல்வரம்பில் டயரை ஏற்றாதீர்கள். நனைந்த பெயின்ட் தாரைவிட மோசமாக வழுக்கும்.