எல் லைசன்சில் பழைய காடி: காப்புறுதி கிடைக்கும், ஓட்டும் உரிமை கிடைக்காது

கேள்வி: எனக்கு வயது 19. எல் லைசன்ஸ் மட்டும் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் சித்தப்பாவிடம் 2003ஆம் ஆண்டு கஞ்சில் காடியை 3,500 வெள்ளிக்கு வாங்கினேன். பெயர் இன்னும் மாற்றவில்லை. காப்புறுதியும் அவர் பெயரில்தான். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாமானுக்குப் பின்னால் உள்ள செம்பனைத் தோட்டச் சாலையில் ஓட்டிப் பழகினேன். மூன்று மாதத்துக்கு முன் எதிரே வந்த மோட்டார் சைக்கிளை உரசிவிட்டேன். 300 வெள்ளி கொடுத்துப் பேசி முடித்தோம். இப்போது அவருக்குக் கை எலும்பு முறிந்ததாக வழக்கறிஞர் கடிதம் சித்தப்பா வீட்டுக்கு வந்திருக்கிறது. காப்புறுதி அடுத்த மாதம் முடிகிறது. பழைய காடிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் கிடைக்கும், என் பெயரைச் சேர்த்தால் 400 வெள்ளி கூடும், விபத்தன்று சித்தப்பா ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
– ஆர்., புஞ்சாக் ஆலாம்

பதில்: ஏஜென்ட்டின் கடைசி யோசனையை முதலில் குப்பையில் போடுங்கள். ஓட்டியது நீங்கள். சித்தப்பா ஓட்டினார் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார். குற்றவியல் சட்டத்தின் 182ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. அடிபட்டவர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறார், பணமும் வாங்கியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் இந்தக் கதை ஐந்து நிமிடம் தாங்காது. பிறகு சித்தப்பாவும் உங்களோடு கூண்டில் நிற்க வேண்டியிருக்கும்.

இனி வழக்குக்கு வருவோம். இதைத் தீர்மானிக்கப் போவது ஒரே கேள்வி: அன்று அந்தச் சாலையில் அந்தக் காடியை ஓட்ட உங்களுக்கு உரிமை இருந்ததா? இல்லை. நம் நாட்டில் எல் லைசன்ஸ் என்பது பயிற்சிக் கழகத்தின் காடியில், அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரின் மேற்பார்வையில் பழகுவதற்கான அனுமதி. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவராகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பயிற்றுநர் அல்லர். இங்கிலாந்தில் 21 வயது நிரம்பி, மூன்று ஆண்டு லைசன்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் இருந்தால் சொந்தக் காடியில் பழகலாம். பழகுபவருக்கென்றே காப்புறுதியும் விற்கிறார்கள். அங்குள்ள காணொளியைப் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தைப் புஞ்சாக் ஆலாமில் எதிர்பார்க்கக் கூடாது.

‘தோட்டச் சாலைதானே’ என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2ஆவது பிரிவு, பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தச் சாலையையும் ‘சாலை’ என்றே கொள்கிறது. கேட்டும் காவலும் போட்டு வெளியாரைத் தடுத்திருந்தால் வாதாட இடம் உண்டு. வெளியாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்த சாலையில் அந்த வாதத்தை எடுக்க நான் தயங்குவேன். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் அதே சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஓட்ட விட்டவரும் அதே பிரிவில் வருவார். அப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் காப்புறுதியின் பதிலும் வருகிறது. பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்ப்பதால் ஓட்டும் உரிமை வந்துவிடாது. லைசன்ஸ் விதிப்படி ஓட்டத் தகுதியுள்ளவருக்கே பாலிசி பொறுப்பேற்கும். அதற்காக அடிபட்டவரைச் சட்டம் கைவிடுவதில்லை: தீர்ப்பு வந்தால் காயத்துக்கான இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்க வேண்டிய நிலை 96ஆவது பிரிவின் கீழ் வரலாம். ஆனால் அப்படிக் கொடுத்த பணத்தைப் பாலிசிதாரரிடம், அதாவது உங்கள் சித்தப்பாவிடம், நிறுவனம் திரும்பக் கேட்க வழி உண்டு.

இனி உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும், தம்பி. காடியை விற்று, பணம் வாங்கி, சாவியைக் கொடுத்த பிறகு அந்தக் காடியில் சித்தப்பாவுக்கு என்ன உரிமை மிஞ்சியது? ‘இது அவருடைய காடியே அல்ல, எங்கள் பாலிசி செல்லாது’ என்று நிறுவனம் வாதிட நீங்களே எட்டு மாதம் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். கைமாறிய வாகனத்தை ஜேபிஜேயில் உடனே தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. புஸ்பாகோம் பரிசோதனைக்கு ஒரு காலை நேரம், ஜேபிஜேயில் இருவரும் விரல் ரேகை வைக்க ஒரு மதியம். இதற்கு எட்டு மாதமாக நேரம் இல்லையா? விற்பனைக்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. அப்படியென்றால் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதை நிரூபிப்பதே கடினம்.

அடுத்தது அந்த 300 வெள்ளி. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 52ஆவது பிரிவு. காப்புறுதி நிறுவனத்துக்கும் வழக்கமான பாலிசிப்படி 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பணம் கொடுத்தபோது ‘முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்று ஒரு வரி எழுதி வாங்கினீர்களா? அதுவும் இல்லை. இங்கு விபத்து இழப்பீட்டுக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் விஷயம் ஆறிப்போனதாக நினைத்தது நீங்கள் மட்டும்தான்.

இனிச் செய்ய வேண்டியவை. வந்த கடிதத்துக்கு நீங்களாகப் பதில் எழுதாதீர்கள், அடிபட்டவரை அழைத்துப் பேசாதீர்கள், இன்னும் பணம் கொடுக்காதீர்கள். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்; அவர் ஆலோசனையோடு, தாமதமானாலும் உண்மையைச் சொல்லிப் போலீஸ் புகாரைச் செய்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். சித்தப்பா தனியாக ஒரு வழக்கறிஞரை வைப்பது நல்லது. உங்கள் நலனும் அவர் நலனும் இந்த வழக்கில் மோதலாம்.

காப்புறுதி பற்றி நீங்கள் கேட்டது. எல் லைசன்ஸ் உள்ளவரும் காடிக்குச் சொந்தக்காரராக இருக்கலாம், தன் பெயரில் காப்புறுதியும் எடுக்கலாம். அதற்கு முதலில் பெயர் மாற வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய காடிக்குப் பல நிறுவனங்கள் முழுக் காப்புறுதி தருவதில்லை என்பது சரி. யாருமே தராவிட்டால், 1992ல் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த மலேசிய மோட்டார் காப்புறுதிக் கூட்டமைப்பைக் கேளுங்கள். 400 வெள்ளி பற்றி ஏஜென்ட் குழம்பியிருக்கிறார், அல்லது உங்களைக் குழப்புகிறார். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரோ, எல் அல்லது பி லைசன்ஸ்காரரோ, பாலிசியில் பெயர் இல்லாதவரோ ஓட்டி, சொந்தக் காடியின் சேதத்துக்குக் கோரும்போது பிடித்தம் செய்யும் தொகை அது. பிரீமியத்தோடு கூடுவதல்ல. தேர்ட் பார்ட்டியில் சொந்தக் காடியின் சேதத்துக்கு ஒரு காசும் கிடைக்காது என்பதால் அங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஏஜென்ட் உங்களிடம் சொல்லாமல் விட்டது வேறொன்று: சாதாரண பாலிசியில் உங்கள் காடியில் பயணம் செய்பவரின் காயத்துக்குப் பொறுப்பு இல்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நாளை பக்கத்தில் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இது முக்கியம்.

விண்ணப்பத்தில் ஓட்டுநர், லைசன்ஸ், விபத்து பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் தவறான தகவலுக்கு இடம் கொடுப்பதில்லை. காப்புறுதி இல்லாத காடியைச் சாலையில் இறக்கினால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆவது பிரிவின் கீழ் 1,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. லைசன்சுக்கே 12 மாதத் தடையும் வரலாம். ஆகவே பெயர் மாறி, புதிய பாலிசி கைக்கு வந்து, நீங்கள் தேர்வில் தேறி பி லைசன்ஸ் வாங்கும்வரை கஞ்சில் வாசலிலேயே நிற்கட்டும்.

உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து எழுதிய பொது விளக்கம் இது. பாலிசியின் வாசகத்தைப் பார்க்காமல் எந்த வழக்கறிஞரும் உறுதி சொல்லமாட்டார். நேரில் போகும்போது பாலிசி, வாகனப் பதிவு, சாலை வரி விவரம், எல் லைசன்ஸ், வந்த கடிதம், சித்தப்பாவுக்குப் பணம் கொடுத்த வங்கிப் பதிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கட்டணம் கட்ட வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். சித்தப்பாவையும் தன் வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதம் வந்திருப்பது அவர் பெயருக்கு.