காட்டுக்குப் போகும் விருந்தாளி

திருவனந்தபுரம் நகரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அது எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் கரமனை ஆற்றிலிருந்து வருகிறது. பேப்பாறை அணை அந்த ஆற்று நீரைத் தேக்கி வைக்கிறது. அணைக்கு மேலே அகத்தியமலைக் காடு இருக்கிறது. காடு இருந்தால்தான் ஆறு. ஆறு இருந்தால்தான் குடிநீர்.

இந்தக் காட்டில் யானை, கரடி, வரையாடு, சிங்கவால் குரங்கு ஆகியவை வாழ்கின்றன. நெய்யாறு பகுதி 1958-இல் சரணாலயம் ஆனது. பேப்பாறை பகுதி 1983-இல் சரணாலயம் ஆனது.

காணிக்காரர்கள் இங்கே பல தலைமுறைகளாக வாழும் பழங்குடி மக்கள். ஒவ்வொரு செடியும் அவர்களுக்குத் தெரியும். 1987-இல் சில விஞ்ஞானிகள் காணிக்காரர்களின் துணையோடு காட்டில் நடந்தார்கள். விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். காணிக்காரர்கள் களைக்கவில்லை. அவர்கள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அந்தச் செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. பிறகு அதிலிருந்து மருந்து தயாரித்தார்கள். மருந்தால் வந்த பணத்தில் காணிக்காரர்களுக்கும் பங்கு கிடைத்தது.

காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இன்று காணிக்காரர்களே வழிகாட்டுகிறார்கள். அகத்தியர்கூடம் சிகரம் 1,868 மீட்டர் உயரம். போணக்காட்டிலிருந்து நடந்து ஏற வேண்டும். போய்த் திரும்ப மூன்று நாள் ஆகும். ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்கள்தான் மலை ஏறும் காலம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வனத்துறை கணக்கு வைத்திருக்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? கூட்டம் பெருகினால் விலங்குகள் மிரளும். யானையின் வழி தடைபடும். அது கோடைக்கு முந்திய காலம். புல் காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும், மலையே எரியும். உணவு வாசனை உள்ள பிளாஸ்டிக் பையை மான் தின்றுவிடும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டால் மான் செத்துப் போகும்.

விலங்குகள் போனால் பார்க்க வருகிறவர்களும் நின்று போவார்கள். வழிகாட்டியின் கூலியும் நின்று போகும். ஆகவே காட்டைக் காப்பது அவருடைய அடுப்பையும் காப்பதாகும்.

காடு விலங்குகளின் வீடு. நாம் விருந்தாளிகள். விருந்தாளி சத்தம் போடலாமா? குப்பை போடலாமா? வழிகாட்டியின் சொல்லைக் கேட்டு நடப்போம். கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.

கலந்து பேசுங்கள்:
1. உங்கள் ஊர்க் குடிநீர் எங்கிருந்து வருகிறது?
2. உங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள்? அந்த வருமானம் யாருக்குக் கிடைக்கிறது?